ஒன்பது மணிக்கு நிற்கும் ஊர்

2024 ஆகஸ்ட் கடைசியில் உக்ரைன் போய் வந்தேன் என்றால் போலந்தின் கிராகோவில் என் அலுவலகத்து ஆட்களே ஒரு மாதிரி பார்க்கிறார்கள். சுற்றுலாவுக்குப் போகவில்லை. என் அத்தை மகன் மேற்கு உக்ரைனில் லிவிவ் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். 2022 பிப்ரவரிக் கடைசியில் ஷெஹினி எல்லை வரை குளிரில் நடந்து, போலந்துக்குள் வந்து, இந்திய அரசு மீட்பதற்கு அனுப்பிய ஆபரேஷன் கங்கா விமானம் ஏறி மதுரைக்குப் போனான். மிச்சப் படிப்பை ஜார்ஜியாவில் முடித்தான். லிவிவில் அவன் குடியிருந்த வீட்டுக்காரம்மாவின் மகன் 2023இல் கிழக்கே பாக்முத் சண்டையில் இறந்துபோனார். அன்றிலிருந்து இவன் போன் செய்யும்போதெல்லாம் ஒரே பாட்டு: "நீ பக்கத்துலதான இருக்க மச்சான், ஒரு எட்டு போய் அந்தம்மாவப் பாத்துட்டு வந்துரு."

பக்கம்தான். எல்லையிலிருந்து லிவிவ் எழுபது கிலோமீட்டர். ஒரு வழியாகப் போய்விட்டேன்.

27 ஆகஸ்ட் 2024, செவ்வாய் – ப்ஷெமிஷ்ல்

ரயில் நாலு மணி நேரம் தாமதம். காரணம் யாரும் கேட்கவில்லை. முந்தின நாள் காலையில் ரஷ்யா இருநூறுக்கும் மேற்பட்ட ஏவுகணைகளையும் ட்ரோன்களையும் உக்ரைன் முழுக்க ஏவியிருந்தது. மின்நிலையங்கள்தான் குறி. கரண்ட் தடுமாறினால் ரயிலும் தடுமாறத்தானே செய்யும்.

ப்ஷெமிஷ்ல் போலந்தின் கடைசி ஸ்டேஷன். உக்ரைன் தண்டவாளம் நம் ஐரோப்பியப் பக்கத்தை விட அகலம், 1520 மில்லிமீட்டர். அதனால் அந்தப் பக்கத்து ரயில் தனி நடைமேடையில் வந்து நிற்கும். காத்திருந்தவர்கள் எல்லாம் பெண்கள், குழந்தைகள், கூண்டுக்குள் ஒரு பூனை, சில கிழவர்கள். பதினெட்டிலிருந்து அறுபது வயது ஆண்கள் நாட்டை விட்டு வெளியே வர அப்போது தடை இருந்ததால், திரும்பிப் போகும் கூட்டத்திலும் அவர்கள் அநேகமாக இல்லை. வெயில் முப்பது டிகிரி. தண்ணீர் பாட்டில் வாங்கப் போனால் இயந்திரம் காசை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கேட்காமலே கையில் பிளம்ஸ் வைத்தார். போலிஷ் பேசினார். இந்தியா என்றதும், "உங்கள் பிரதமர் போன வெள்ளிக்கிழமை கீவ் வந்தாரே, டிவியில் பார்த்தேன்" என்றார். சரி, நல்லதாகப் போகிறது என்று நினைத்தேன். "ஜூலையில் மாஸ்கோவில் புதினைக் கட்டிப்பிடித்ததையும் பார்த்தேன். அன்றைக்குத்தான் கீவில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஏவுகணை விழுந்தது." குரலை உயர்த்தவே இல்லை. நான் என்ன சொல்வது? தலையை ஆட்டினேன். அவர் இன்னும் இரண்டு பிளம்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

லிவிவ் சேரும்போது இரவு பத்தரை. பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை ஊரடங்கு. ஹோட்டல் இருந்த தெருவே இருட்டு, நடைபாதையில் ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டிருந்தன. லிப்ட் ஓடவில்லை. வரவேற்பில் இருந்த பெண் டார்ச் எடுத்துக்கொண்டு, அறைச் சாவி தருவதற்கு முன்னால் என்னை நிலவறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். "சைரன் வந்தால் இங்கே. வைஃபை வரும்." அதற்கப்புறம்தான் மூன்றாவது மாடி.

28 ஆகஸ்ட், புதன் – லிவிவ்

விடிகாலை மூன்றரைக்குச் சைரன். வான் எச்சரிக்கைச் செயலியின் ஆங்கிலக் குரல் ஹாலிவுட் நடிகர் மார்க் ஹாமிலுடையது. தூக்கக் கலக்கத்தில் அதைக் கேட்பது வேடிக்கையாக இருக்கிறது. கீழே போனால் எங்களைச் சேர்த்து ஆறு பேர்தான். உள்ளூர்க்காரர்கள் வரவே இல்லை என்று அந்தப் பெண் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் அபாயம் நீங்கியது என்று அதே குரல்.

காலையில் ஒரு காபி வண்டி முன்னால் வரிசையில் நின்றேன். காபி 65 ஹ்ரிவ்னா, நம் காசில் 130 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட. லிவிவ்காரர்களுக்குக் காபி என்றால் உயிர், தெருவுக்குத் தெரு மணக்கிறது. என் முறை வந்தபோது சரியாக ஒன்பது. ஒலிபெருக்கியில் அறிவிப்பு, அப்புறம் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியின் டக்… டக்… காபி போடும் பையன் பால் காய்ச்சும் குழாயை மூடிவிட்டுக் கையைக் கீழே விட்டான். ட்ராம் நின்றது. நாயைக் கூட்டி வந்தவர் நாயோடு நின்றார். 2022 மார்ச் நடுவில் ஜெலென்ஸ்கி போட்ட ஆணை இது. போரில் இறந்தவர்களுக்காகத் தினமும் காலை ஒன்பது மணிக்கு நாடு முழுக்க ஒரு நிமிட மௌனம். அன்றிலிருந்து ஞாயிறு, பண்டிகை எதற்கும் விடுமுறை கிடையாது.

எல்லாரும் நின்றார்கள் என்று எழுத ஆசைதான். ஸ்கூட்டரில் ஒரு பையன் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு குறுக்கே போனான். நிமிடம் முடிகிற வரை பொறுத்திருந்த ஒரு பாட்டி, முடிந்த நொடியில் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி அவனை ஏசினார். அவன் அதற்குள் போய்விட்டிருந்தான். காபிப் பையன் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டுப் பாலை மறுபடி காய்ச்சினான்.

பதினொரு மணிக்கு காரிசன் தேவாலயம், புனித பேதுரு பவுல் பெயரில். பதினேழாம் நூற்றாண்டில் யேசு சபையினர் கட்டியது. சோவியத் காலத்தில் புத்தகக் கிடங்காகப் பூட்டிக் கிடந்து 2011இல் திறந்தது. இப்போது படைக் குருமார்களின் கோயில். லிவிவில் வீரர்களின் இறுதி வழிபாடு பெரும்பாலும் இங்கேதான். யார் யாருக்கு, எத்தனை மணிக்கு என்று நகராட்சி முந்தின நாளே அறிவித்துவிடுகிறது. நான் உள்ளே போகாமல் பின்வாசலருகே தூண் ஓரம் நின்றேன். முன்பின் தெரியாத வீட்டுச் சாவுக்கு வந்து நிற்கிறோமே என்ற கூச்சம். எனக்கு இடம் விட்டு நகர்ந்து நின்ற கிழவர் இறந்தவர் யாரையும் தனக்கும் தெரியாது என்றார். முடிகிற நாளெல்லாம் வருகிறாராம்.

வழிபாடு முடிந்ததும் பெட்டிகளை ரினோக் சதுக்கத்துக்குக் கொண்டுவருகிறார்கள். நாற்புறமும் நான்கு நீரூற்றுச் சிலைகள், நான்கையும் குண்டுக்குப் பயந்து துணி சுற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு ஊதுகொம்பு ஒலித்தது. ஓட்டல் பணியாட்கள் ஏப்ரனோடு வெளியே வந்து கல் பாவிய தரையில் மண்டியிட்டார்கள். வெளி மேசைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் எழுந்து அப்படியே செய்தார்கள். யாரோ "உக்ரைனுக்குப் புகழ்" என்றார், "வீரர்களுக்குப் புகழ்" என்று கூட்டம் பதில் சொன்னது. பத்து நிமிடத்துக்குள் வண்டிகள் நகர்ந்துவிட்டன.

அப்புறம் அங்கேயே சாப்பிட உட்கார்ந்தேன். உருளைக்கிழங்கு வைத்த வரேனிகி, நம் கொழுக்கட்டை மாதிரி, 140 ஹ்ரிவ்னா, மேலே வதக்கிய வெங்காயம். சைவத்துக்குக் கஷ்டமே இல்லை, பன்றிக்கொழுப்புத் துண்டு வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னால் போதும். பரிமாறிய பெண்ணிடம் தினமும் இப்படித்தானா என்று மொழிபெயர்ப்புச் செயலியில் கேட்டேன். "அநேகமாக தினமும். அதனால் அந்த நேரத்தில் வெளி மேசைக்குச் சூப் கொண்டுபோக மாட்டோம், ஆறிவிடும்" என்று திருப்பித் தட்டிக் காட்டினாள். அழுத முகம் இல்லை. எனக்கு அன்று முழுக்க மண்டையில் ஓடியது அந்தச் சூப்தான். இரண்டரை வருடத்தில் ஒரு ஊர் தன் துக்கத்துக்கு நேரம் ஒதுக்கி, அடுப்படி வேலையையும் அதற்கேற்ப மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு மரத்துப்போனதாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

29 ஆகஸ்ட், வியாழன் – லிச்சாகிவ்

இன்று போரில் இறந்தவர்களுக்கான நாட்டு நினைவு நாள். 2014 ஆகஸ்டில் கிழக்கே இலோவைஸ்க் ஊரில் சுற்றிவளைக்கப்பட்ட உக்ரைன் படை, வெளியேற வழி விடுவதாக ரஷ்யத் தரப்பு சொன்ன பாதையில் போகும்போது சுடப்பட்டது. அந்தச் சண்டையில் மொத்தம் 366 பேர் செத்தார்கள் என்பது அரசுக் கணக்கு. சாலையின் இருபுறமும் அறுவடைக்கு நின்ற சூரியகாந்தி வயல்கள். அதனால் இந்த நாளுக்குச் சூரியகாந்திதான் அடையாளம். இந்த வருடம் பத்தாம் ஆண்டு.

கல்லறைத் தோட்டத்து வாசலில் பூக்காரம்மாவிடம் மூன்று சூரியகாந்தி கேட்டேன். பூவைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு, உயிரோடு இருப்பவருக்கா என்று விசாரித்தார். உள்ளே கைகாட்டினேன். நாலாவது பூவை எடுத்துச் சேர்த்துக் கட்டினார். இறந்தவர்களுக்கு இரட்டைப்படை, இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை. ஒன்று 40 ஹ்ரிவ்னா. நாலாவதுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

லிச்சாகிவ் 1786இல் தொடங்கிய பழைய கல்லறைத் தோட்டம். எழுத்தாளர் இவான் ஃபிராங்கோ, பாடகி சொலோமியா க்ருஷெல்னித்ஸ்கா எல்லாரும் இங்கே இருக்கிறார்கள். அதற்கு வெளியே சரிவில், இந்தப் போரில் இறந்த வீரர்களைப் புதைத்திருக்கும் இடம் மார்ஸ் திடல். பேரைக் கேட்டால் பெரிய மைதானம் என்று தோன்றும். இப்போது அங்கே தெரிவது கொடிகள்தான். ஒவ்வொரு கல்லறைக்கும் நீலம் மஞ்சள் ஒன்று, பக்கத்தில் படைப்பிரிவின் கொடி ஒன்று. காற்றடித்தால் படபடவென்று காது நிறைகிறது. சத்தமில்லாத இடம் என்று நினைத்துப் போனேன், அங்கே சாதாரணக் குரலில் பேசுவதற்கே இரண்டு அடி நெருங்க வேண்டியிருந்தது.

இறந்தவர்களின் வீட்டார் மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார்கள். ஒரு பெண் காபி இரண்டு வாங்கி வந்து ஒன்றைச் சிலுவையருகே வைத்துவிட்டு மற்றதைக் குடித்தார். ஒருவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பக்கத்துக் கல்லறைச் செடிக்கும் ஊற்றினார். அவர்கள் வீட்டில் இப்போது வர ஆளில்லை என்று அவரே சொன்னார். பையிலிருந்து மிட்டாய் எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்லக்கூடாது, இறந்தவர் பெயரால் தருவது.

பலர் தேடி வந்தது இரினா ட்சிபுக்கை. ஊடகத் துறையிலிருந்து போர்முனை மருத்துவ உதவியாளராகப் போன லிவிவ் பெண். ஒன்பது மணி மௌனம் ஏதோ டிவிச் சடங்காகப் போய்விடாமல் தெருவில் நிஜமாகவே எல்லாரும் நிற்க வேண்டும் என்று விடாமல் பேசியவர். இந்த மே 29 அன்று கார்கிவ் பக்கம் கொல்லப்பட்டார். இன்னும் மூன்று நாள் இருந்திருந்தால் இருபத்தாறு வயது. தன் சாவுக்கு வருபவர்கள் பூவேலைச் சட்டை போட்டுக்கொண்டு வரட்டும், நல்ல பாட்டுகளைக் கற்றுக்கொண்டு வந்து பாடட்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படியே நடந்தது. நாலு பூவையும் வைத்துவிட்டு வந்தேன்.

கிராகோவ் அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் மெழுகுவர்த்தி கொடுத்து அனுப்பியிருந்தார், அது வேறு இடத்துக்கு. அதே லிச்சாகிவின் இன்னொரு மூலையில் 1918-19இல் இதே ஊருக்காக உக்ரைனியர்களை எதிர்த்துச் சண்டை போட்டுச் செத்த போலந்து இளைஞர்களின் கல்லறை. அங்கிருந்த கல்சிங்கங்களைப் பல வருடம் பலகை வைத்து மூடியே வைத்திருந்தார்கள். 2022இல் போலந்து, உக்ரைன் அகதிகளுக்குக் கதவைத் திறந்த பிறகுதான் அந்தப் பலகைகள் போயின. சிங்கத்தின் பக்கத்தில் மெழுகுவர்த்தியை ஏற்றுவதற்குள் காற்று மூன்று தீக்குச்சியை அணைத்தது. காவலுக்கு நின்ற உக்ரைனியர் தன் லைட்டரைக் கொடுத்தார்.

சாயங்காலம் ஓட்டலில் எல்லாரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எஃப்-16 விமானி ஒலெக்ஸி மெஸ், திங்கட்கிழமைத் தாக்குதலைத் தடுக்கப் பறந்தபோது விழுந்து இறந்தார் என்ற செய்தி வெளிவந்திருந்தது. அந்த விமானங்கள் உக்ரைனுக்கு வந்தே ஒரு மாதம்தான் ஆகிறது. போரில் இறந்த வீரர்கள் மொத்தம் 31,000 என்று ஜெலென்ஸ்கி பிப்ரவரியில் சொன்னார். அந்த எண்ணை இங்கே சொன்னால் சிரிக்கிறார்கள், அதுவும் கசப்பான சிரிப்பு.

30 ஆகஸ்ட், வெள்ளி – ஜோவ்க்வா பக்கம் ஒரு கிராமம்

வீட்டுக்காரம்மா லிவிவ் வீட்டைக் கிழக்கிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு விட்டுவிட்டுப் பிறந்த கிராமத்துக்குப் போய்விட்டார். ஜோவ்க்வா தாண்டி மினிபஸ்ஸில், மர்ஷ்ருத்கா என்கிறார்கள், போக வேண்டும். ஜன்னல் திறக்காது. காற்று பிடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று ஒரு பாட்டி திறக்க விடவில்லை. உள்ளே நாற்பது டிகிரி இருந்திருக்கும்.

ஒரு ஊர் முனையில் டிரைவர் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். வண்டி பழுது என்று நினைத்தேன். எல்லாரும் பேசாமல் இறங்கினார்கள், நானும். சாலையோரம் ஏற்கெனவே இருபது முப்பது பேர், கையில் கொடி, கண்ணாடி ஜாடிக்குள் மெழுகுவர்த்தி. தூரத்தில் போலீஸ் வண்டியின் விளக்கு. எல்லாரும் மண்டியிட்டார்கள். தார் கொதித்தது, ஜீன்ஸ் வழியே சுட்டது. எனக்கு முட்டிவலி வேறு. ஜன்னலைத் திறக்க விடாத அதே பாட்டி தன் துணிப்பையை என் முட்டிக்குக் கீழே தள்ளிவிட்டார். உள்ளே ஏதோ மெத்தென்று இருந்தது, ரொட்டியாக இல்லாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். வண்டிகள் மெதுவாகப் போயின. இரண்டாவது காரில் முன் சீட்டில் ஒரு பெண், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாக. என் முகத்திலும் ஒரு கணம் நின்று போனது அந்தப் பார்வை. இந்தக் கறுத்த முகம் இங்கே எப்படி என்று யோசித்தாரோ, கவனிக்கவே இல்லையோ.

வண்டியில் ஏறியதும் டிரைவர் கையை நீட்டிக் கண்ணாடியைத் திறந்துவிட்டார். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்காரம்மா வாசலிலேயே நின்றிருந்தார். மதுரையிலிருந்து சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்த உக்ரைன் வாக்கியத்தை ஒப்பித்தேன். கட்டிக்கொண்டார். மகன் படத்தருகில் என்னை ஒரு நிமிடம் நிற்க வைத்தார், அப்புறம் நேராகச் சாப்பாட்டு மேசை. பீட்ரூட் போர்ஷ், எனக்காகக் கறி போடாமல் பயறு போட்டு. முட்டைக்கோஸ் வைத்த வரேனிகி. உலர்ந்த பேரிக்காயும் பிளம்ஸும் வேகவைத்த உஸ்வார், லேசான புகைவாசனை. முதலில் மூன்று கரண்டி கோலிவோ சாப்பிட வேண்டும், நினைவுச் சாப்பாட்டில் அதுதான் முறை. வேகவைத்த கோதுமையில் தேன் ஊற்றியது, வெல்லம் குறைவாகப் போட்ட கோதுமைப் பொங்கல் மாதிரி. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆளுக்குக் கொஞ்சம் வோட்கா ஊற்றினார். நான் பழக்கதோஷத்தில் தம்ளரை உயர்த்தியதும் கையைப் பிடித்து இறக்கினார். இறந்தவருக்காகக் குடிக்கும்போது தம்ளரை மோதக்கூடாது.

மதுரைக்கு வீடியோ அழைப்பு. அவன் உக்ரைன் மொழியில் அழுதுகொண்டே ஏதோ சொல்ல, அம்மா அவன் இளைத்துவிட்டான் என்று திட்டினார். அப்புறம் அவனைத்தான் மொழிபெயர்ப்பாளனாக வைத்துக்கொண்டு பேசினோம். வழியில் மண்டியிட்டதைச் சொன்னேன்.

"என் மகனை லிவிவிலிருந்து கொண்டுவந்த அன்று கோயிலில் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை" என்றார். "ரோடுதான் நினைவிருக்கிறது. ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் ஆட்கள். ஒரு பையன் பள்ளிக்கூடப் பையைக் கூட இறக்காமல் மண்டியிட்டிருந்தான். டிராக்டர்காரர் ஒருவர் வயலுக்கு நடுவே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். யார் யார் என்று எனக்குத் தெரியாது, தேடிப் போய் நன்றி சொல்லவும் முடியாது. அதனால் யார் வந்தாலும் நான் போகிறேன்."

போவதற்கு எல்லாம் தயாராக வைத்திருக்கிறார். கொட்டகையில் ஒரு வாளி, அதற்குள் கொடி, ஜாடி மெழுகுவர்த்தி, உருளைக்கிழங்கு தோண்டும்போது முட்டிக்குப் போடும் ரப்பர் மெத்தை. வைபர் குழுவில் செய்தி வரும்: இன்னார், இத்தனை மணிக்கு லிவிவிலிருந்து கிளம்பினார்கள். முந்தின ஊர்க்காரர் தாண்டிவிட்டது என்று எழுதினால் இவர்கள் வாளியோடு கிளம்புவார்கள். முதல் வருடம் பள்ளிக்கூடமே வந்து நின்றதாம். இப்போது பாதிக் கூட்டம்கூட இல்லை, வருவதில் பெரும்பாலும் பிள்ளையைக் கொடுத்தவர்களும் கொடுக்கப் பயந்தவர்களும்தான் என்று பக்கத்து வீட்டுக்காரர் குறைப்பட்டார். ஏப்ரலிலிருந்து இருபத்தைந்து வயதானவர்களையும் படைக்குக் கூப்பிடுகிறார்கள், அவர் பேரனுக்கு இருபத்துநாலு. வீட்டுக்காரம்மா யாரையும் குறை சொல்லவில்லை. "தக்காளி பழுத்துக் கிடக்கிறது, பறிக்காவிட்டால் அழுகிவிடும். அவர்கள் என்ன செய்வார்கள்" என்றார்.

31 ஆகஸ்ட், சனி – திரும்பும் வழி

பஸ்ஸில் எல்லை. ஆறு மணி நேர வரிசை, ஒரே ஒரு கழிப்பறை, அதற்கு 10 ஹ்ரிவ்னா, சில்லறை இல்லாவிட்டால் அதுவும் இல்லை. வீட்டுக்காரம்மா கொடுத்த மூன்று ஜாடி ஊறுகாய் வெள்ளரியில் ஒன்று பைக்குள் கசிந்து, என் சட்டையெல்லாம் பூண்டும் சதகுப்பையும் மணக்க ஆரம்பித்தது. போலந்து சுங்க அதிகாரி பையைத் திறந்தார், மோந்து பார்த்தார், மூடினார்.

வீட்டுக்கு வந்து துணி துவைக்கப் போட்டதும் மதுரை அழைப்பு. அந்தம்மா மகனின் அடுத்த நினைவு நாளுக்கு இவன் நேரில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் எழுதும் தகுதித் தேர்வில் இவன் ஒரு தடவை கோட்டை விட்டவன். முதலில் அதைப் பாஸ் பண்ணு, அப்புறம் விசா பார்க்கலாம் என்றேன். சரி என்றான். டிக்கெட் காசு யார் போடுவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.